பதினைந்தை மூன்றாக்கிக் கொடுத்தவர்களுக்கு

இணையத்தளம் கட்ட உதவும் பிஎச்பி நிரல்மொழியை உருவாக்கிப் பராமரிப்போருக்கும், அதன் கையேட்டை எழுதுவோருக்கும் வணக்கம்.

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பிஎச்பியின் 'ஸ்டிர்லென்' ஃபங்ஷனைக் கேட்டால் 15 என்கிறது. அது எண்ணுவது பைட்டுகளை, அதாவது கணினியின் சேமிப்பு அலகுகளை. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். 'எம்பி ஸ்டிர்லென்' 5 என்கிறது; இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனிக் குறியீடாக எண்ணுகிறது. 'கிராஃபீம் ஸ்டிர்லென்' மட்டும்தான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்வதுபோல 3 என்கிறது. இந்த நன்றி முதலில் அந்த மூன்றுக்கு.

செய்திச் சுருக்கம் காட்ட 'தமிழ்' என்பதை 'சப்ஸ்டிர்' கொண்டு பத்து பைட்டில் வெட்டினால், 'ழ' நடுவில் அறுந்து கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி முளைக்கும். அதையே தரவு பரிமாறும் ஜேசன் வடிவத்துக்கு மாற்றப் போனால் 'ஜேசன் என்கோட்' ஃபால்ஸ் (பொய்) என்று கைவிரிக்கும். 'எம்பி சப்ஸ்டிர்' கொண்டு நான்கில் வெட்டினால் இன்னும் மோசம்: 'தமிழ' என்று புள்ளி போய்விடும், பிழைச் செய்தியும் வராது. 'கிராஃபீம் சப்ஸ்டிர்' இரண்டையும் தவிர்க்கிறது. இதற்கு இன்டல் என்ற பன்மொழி எக்ஸ்டென்ஷன் (கூடுதல் தொகுப்பு) சர்வரில் இருக்க வேண்டும். மலிவான ஹோஸ்டிங்குகளில் அது அணைந்தே கிடப்பதுண்டு. முதலில் அதைப் பாருங்கள்.

'எம்பி' என்று தொடங்கும் ஃபங்ஷன்களைத் தரும் எம்பிஸ்டிரிங் எக்ஸ்டென்ஷன், ஜப்பானிய நிரலர்கள் தங்கள் மொழிக்காகத் தொடங்கியது. அவர்களுடைய தேவையில் நமக்கும் பங்கு கிடைத்தது. பிஎச்பி 6ஆம் பதிப்பில் எல்லாவற்றையும் யூடிஎஃப்-16 என்ற வேறு முறையில் வைத்துக்கொள்ள முயன்று, வேகமும் எளிமையும் கெடுவதைக் கண்டு 2010இல் கைவிட்டார்கள். கைவிட்டதற்கும் ஒரு நன்றி. 2009இல் பிஎச்பி 5.3உடன் வந்த இன்டல் அதற்குள் ஐசியு என்ற யூனிகோடு நிரல் நூலகத்தைக் கொண்டுவந்திருந்தது. வரிசைப்படுத்தும் வெறும் 'சார்ட்' குறியீட்டு எண்ணைப் பார்ப்பதால் 'பனி'யை 'பல்'லுக்கு முன்னால் நிறுத்தும். னகரம் யூனிகோடில் நகரத்தை ஒட்டி உட்கார்ந்திருப்பதுதான் காரணம். இன்டலின் 'கொலேட்டர்' வகுப்புக்கு (கிளாஸ்) 'டிஏ' என்று தமிழின் குறியைச் சொன்னால் அகராதி வரிசை கிடைக்கும்.

தேடலில் 'கொடி' அகப்படவில்லையா? ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் உள்ளிடலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு ஒன்றே, ஒப்பிட்டால் வேறு. தரவுத்தளத்தில் சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே வடிவமாக்கும் 'நார்மலைசர்' வழியாக அனுப்பினால் தீரும். சேமிக்கும் பக்கம் மட்டும் செய்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்வதுதான் வழக்கம்.

பிஎச்பி 8.1இல், உரையைப் பக்கத்தில் பாதுகாப்பாகக் காட்ட உதவும் 'எச்டிஎம்எல் ஸ்பெஷல்சார்ஸ்' குணம் மாறியது பெரிய உபகாரம். அதற்கு முன் ஒரு பைட் உடைந்திருந்தாலும் அது வெற்றுச் சரத்தைத் திருப்பித் தரும். பத்தி மொத்தமும் காணாமல் போகும். இப்போது உடைந்த இடத்தில் மாற்றுக்குறி மட்டும் தெரிகிறது. 8.4இல் வந்த 'கிராஃபீம் ஸ்டிர் ஸ்ப்ளிட்' எழுத்தெழுத்தாகப் பிரித்தே தருகிறது.

கற்க வருபவரை மிரட்டிய பிழைச் செய்தி ஒன்று உண்டு: 'பாமாயிம் நெகுடோடாயிம்'. இரட்டை முக்காற்புள்ளிக்கு எபிரேயப் பெயர். இஸ்ரேலில் சீவ் சுராஸ்கியும் ஆன்டி குட்மான்ஸும் மொழியை மறுபடி எழுதிய நாள்களின் மிச்சம். 8.0 முதல் செய்தியில் :: என்ற குறியே தெரிகிறது. உள்ளே பழைய பெயர் பத்திரமாக இருக்கிறது, இருக்கட்டும். புதியவரின் குழப்பத்தை அவருடைய அறியாமை என்று தள்ளாமல், மொழியின் குறை என்று எடுத்துத் திருத்துகிறவர்களுடன் வேலை செய்வது சுகம். புது வசதி வேண்டுமென்றால் முன்மொழிவு எழுத வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். நிராகரித்தவர்களின் காரணமும் பல சமயம் எழுத்தில் கிடைக்கிறது.

பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளைச் சேர்த்துத் தரும் கம்போசரை 2012இல் தந்த நில்ஸ் ஆடர்மன், ஜோர்டி பொஜியானோ இருவருக்கும், 2021 முதல் மையக் குழுவினருக்குச் சம்பளம் தேடித்தரும் பிஎச்பி ஃபவுண்டேஷனுக்கும் நன்றி. (ஓடும் சர்வரில் 'கம்போசர் அப்டேட்' போடாதீர்கள்; 'இன்ஸ்டால்' மட்டும்.)

ஒரு பாக்கி. 'க்ஷ'வை கிராஃபீம் இன்னும் இரண்டாகத்தான் எண்ணுகிறது. அது யூனிகோடின் விதி, உங்கள் பிழை அல்ல. அந்த விதி மாறும்வரை, எண்ணும் முன் நகலெடுத்து 'க்ஷ' வரும் இடமெல்லாம் 'ஷ' என்று மாற்றிவிட்டு எண்ணிக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
தமிழில் இணையத்தளம் கட்டுவோர்