மின்மினிப்பூச்சி வேலை

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லா இருக்கேன். போன்ல வேலைய பத்தி ஆரம்பிச்சாலே நீ நடுவுல "சாப்டியா"ன்னு பேச்ச மாத்திடுற, அதான் எழுதுறேன். சித்தி கேட்டா "ஜப்பான்ல நகோயால டப்பா சாப்பாட்டு ஃபேக்டரில மின்மினிப்பூச்சி வெச்சு வேலை பாக்குறா"ன்னு சொல்லு, பொய் இல்ல.

ராத்திரி கழுவி முடிச்சதும் நான் போய் கத்தி, பலகை, ஃபிரிட்ஜ் கைப்பிடின்னு ஒவ்வொண்ணா ஈரப் பஞ்சுக் குச்சியால தேச்சு டியூபுக்குள்ள அழுத்தி குலுக்கி மெஷின்ல சொருகுவேன், 10 செகண்ட்ல ஒரு நம்பர் வரும். டியூபுக்குள்ள இருக்குறது மின்மினியோட லூசிஃபெரினும் (வெளிச்சம் விடுற பொருள்) லூசிஃபெரேஸும் (அத வெளிச்சம் விட வெக்கிற என்சைம்) தான், பலகையில ஏடிபி, அதாவது செல்லுக்கு சக்தி குடுக்குற பொருள், ஒட்டியிருந்தா அதோட சேந்து வெளிச்சம் விடும். ஏடிபி உயிருள்ள எல்லா செல்லுலயும் இருக்கு, மீன் துணுக்கு காய் சாறுலயும் இருக்கு. அந்த வெளிச்சம் நம்ம கண்ணுக்கு தெரியாது, மெஷினுக்கு தான் தெரியும். நம்பர் ஏறினா அழுக்குன்னு அர்த்தம், கிருமியா மீனான்னு பிரிச்சு சொல்லாது (இங்கயே பல பேர் இத தப்பா தான் நெனைக்கிறாங்க). கிருமிய எண்ணணும்னா தட்டுல வளக்கணும், ரெண்டு நாள் ஆகும், அதுக்குள்ள அந்த சாப்பாட்ட வாங்கி தின்னே முடிச்சிருப்பாங்க.

மொத வாரம் என் கையவே தேய்க்க சொன்னாங்க. சோப்பு போட்டு கழுவிட்டு பந்தாவா நீட்டுறேன், நம்பர் 4000த்த தாண்டிடுச்சு! எல்லாம் நக இடுக்கு. பிரஷ் வெச்சு தேச்சப்புறம் தான் எறங்குச்சு. பழைய பலகையும் அப்படித்தான்மா, பாக்க பளபளன்னு இருக்கும், கத்தி கிழிச்ச கோட்டுல தேச்சா குட்டு வெளிப்பட்டுடும்.

மின்மினி வெளிச்சத்துக்கு ஏடிபி வேணும்னு 1947ல கண்டுபுடிச்சது மெக்எல்ராய்னு ஒரு அமெரிக்காக்காரர். பால்டிமோர்ல பசங்களுக்கு 100 பூச்சிக்கு 25 சென்ட் குடுத்து புடிச்சிட்டு வர சொல்லிருக்கார். நான் தீப்பெட்டியில அடைச்சு வெச்சதுக்கு நீ முதுகுல தான் வெச்ச. இப்பல்லாம் பூச்சிய கொல்றதில்ல, அந்த ஜீன பாக்டீரியாவுக்குள்ள வெச்சு என்சைம அதுவே செய்ய வெச்சுடுறாங்க. இந்த மெஷின் பண்றவங்கள்ல சோயா சாஸ் விக்கிற கிக்கோமானும் ஒண்ணுன்னா நம்புவியா?

ஜூன் வந்துடுச்சு, இங்க ஆத்தோரமா மின்மினி பாக்கவே கும்பலா போறாங்க, நானும் போனேன், அத்தன பேர் நின்னும் ஒருத்தர் போன் லைட் கூட போடல.

நம்ம கெணத்தடியில இன்னும் வருதா? பாத்து சொல்லு. அடுத்த பார்சல்ல இட்லிப்பொடி மறந்துடாத.

உன் மக