கிரேன் கேட்டேன், கொக்கைக் காட்டினார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இதழில், ருமேனியாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கு உதவியாக ஆங்கிலம்–ருமேனியச் சொற்பட்டியல் ஒன்று போட்டிருந்தீர்கள். எண்ணிப் பார்த்தேன், 60 சொற்கள். கோட்டை, தேவாலயம், அரண்மனை, கலங்கரை விளக்கம் என்று வரிசையாகப் போகிறது. நான் கம்பி கட்டும் மேஸ்திரி. 2022 கடைசியில் போனவன் 2024 கடைசியில்தான் திரும்பினேன். புகாரெஸ்ட் நகரத்துக்கு வெளியே 9 மாடிக் குடியிருப்புகள் கட்டும் சைட்டில் வேலை. அந்த இரண்டு வருஷத்தில் ஒருத்தரும் என்னிடம் கலங்கரை விளக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. கடலே அங்கிருந்து 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

உங்கள் பட்டியலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அச்சுப்பிழைகூட இல்லாமல்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் எங்களை அனுப்பிய ஏஜெண்ட், பயிற்சி வகுப்பு என்று சொல்லி இதே மாதிரி ஆங்கிலம் ஒரு பக்கம், ருமேனியம் ஒரு பக்கம் என்று 4 தாள் ஜெராக்ஸ் கொடுத்தார். அதை மனப்பாடம் செய்துகொண்டு போய் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொன்னால் அடுத்து போகிறவர்களுக்காவது உதவும் என்று நினைக்கிறேன்.

முதல் நாளே வாசலில் நின்றுவிட்டேன். அங்கே ஷன்தியேர் என்றால் சைட். ஷன்தியேர் வாசலில் பெரிய போர்டு. எழுத்து நம் பள்ளியில் படித்த ஆங்கில எழுத்துதான், கூடக் கொஞ்சம் வாலும் தொப்பியும். கூட்டிப் படித்தால் ‘ஸ்த்ரயினே’ என்று ஒரு சொல், கடைசியில் ‘இன்தர்ஸிஸ்’. இன்தர்ஸிஸ் என்றால் அனுமதி இல்லை, அது எங்கள் தாளில் இருந்தது. ஸ்த்ரயின் என்பதற்கு நேராக ஃபாரினர் என்று போட்டிருந்தது. ஃபாரினர் உள்ளே வரக்கூடாதாம்! ஃபாரினர் நாங்கள்தானே? 11 பேர் குளிரில் கால் மணி நேரம் வெளியே நின்றோம். பிறகுதான் தெரிந்தது, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஆட்கள் வரக்கூடாது என்று எல்லா சைட்டிலும் எழுதி வைக்கிற வாசகம் அது. அதே சொல்லுக்கு வெளிநாட்டுக்காரன் என்றும் பொருள், முன்பின் தெரியாதவன் என்றும் பொருள். தாளில் ‘அந்நியர்’ என்று தமிழில் போட்டிருந்தால் எனக்கு அப்போதே புரிந்திருக்கும். தமிழில் அந்நியருக்கும் அதே இரண்டு பொருள்தானே. நடுவில் ஆங்கிலம் வந்து ஒரு பொருளை மட்டும் கையில் கொடுத்து, மற்றதை வைத்துக்கொண்டது.

இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்ததே இதுதான். தமிழிலிருந்து ருமேனியத்துக்குப் போக ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போகிறோம். அந்தச் சுற்றில்தான் பொருள் மாறிப்போகிறது.

ஆங்கிலத்தில் கிரேன் என்றால் பாரம் தூக்கும் இயந்திரம், கொக்கு மாதிரியான ஒரு பெரிய பறவையும் அதுதான். எங்கள் தாளில் கிரேனுக்கு ‘கொகோர்’ என்று இருந்தது. கம்பிக் கட்டைத் தூக்க வேண்டி, “கொகோர், கொகோர்” என்று கையை மேலே காட்டினேன். பக்கத்தில் நின்ற ருமேனியர் வானத்தைப் பார்த்தார். ஒன்றும் காணாமல், இரண்டு கையையும் சிறகு மாதிரி அடித்துக் காட்டி, “இதுவா?” என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். இயந்திரத்துக்கு அவர்கள் சொல்வது ‘மக்கரா’. (அடிக்கடி மக்கர் பண்ணியதால் அந்தச் சொல் மட்டும் எங்களுக்கு மறக்கவே இல்லை.) ஆணிக்கு உங்கியே என்று போட்டிருந்தது. ஸ்டோரில் போய்க் கேட்டால், ஸ்டோர்காரர் தன் விரல் நகத்தைக் காட்டினார். சுவரில் அடிக்கிற ஆணி ‘குய்’. உத்தரத்துக்கு, அதாவது பீமுக்கு, போட்டிருந்த சொல்லுக்கு அங்கே ஒளிக்கதிர் என்று அர்த்தம். சுவர்ப்பூச்சுக்குப் போட்டிருந்த சொல்லைக் கேட்டால், மருந்துக் கடையில் விற்கும் பிளாஸ்திரி. பூச்சுக்கு அவர்கள் சொல்லும் ‘தென்குயால’ என்ற அழகான சொல் அந்த 4 தாளில் எங்கும் இல்லை. தமிழில் ஆணி வேறு, நகம் வேறு. பூச்சு வேறு, பிளாஸ்திரி வேறு. தமிழுக்கு நேராக ருமேனியத்தை எழுதியிருந்தால் இதில் ஒரு தப்பும் வர வழியே இல்லை.

என் தொழிலில் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். தூணில் நெட்டுக்குத்தாக நிற்கும் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிறோமே, நாம் ரிங் என்கிறோம், இன்ஜினியர்கள் ஸ்டிரப் என்பார்கள். அந்த ஊரில் இந்த ரிங்கில் விளையாட முடியாது. 1977 மார்ச் 4-ஆம் தேதி வந்த நிலநடுக்கத்தில் 1,500 பேருக்கு மேல் செத்துப்போன நாடு அது. இன்றைக்கும் புகாரெஸ்ட் நடுவூரில், அடுத்த நிலநடுக்கத்தைத் தாங்காது என்று கணக்கிட்ட பழைய கட்டடங்களின் முகப்பில் சிவப்பு வட்டம் பதித்திருக்கிறார்கள். கீழே கடையில் காப்பி விற்கிறார்கள், மேலே அந்த வட்டம் இருக்கிறது. அதனால் தூணின் காலிலும் தலைப்பிலும் ரிங்கை நெருக்கிக் கட்டியாக வேண்டும். எங்கள் சைட்டில் அந்த இடங்களில் 10 சென்டிமீட்டருக்கு ஒன்று. இன்ஜினியரம்மா டேப்பை வைத்து ஒவ்வொன்றாக அளப்பார். ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் அவிழ்க்கச் சொல்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை ரிங் தீர்ந்துவிட்டது. திங்கள்கிழமை காலையில் கான்கிரீட் போட்டாக வேண்டும். தாளில் ஸ்டிரப்புக்கு ‘ஸ்கார’ என்று இருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் அதை எழுதி, பக்கத்தில் 200 என்று போட்டு, கம்பி வளைக்கும் யார்டுக்கு அனுப்பினேன். போன பையன் அரை மணி நேரம் கழித்துத் திரும்பினான், ஏணியோடு. பின்னாலேயே யார்டுக்காரர், காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. மூச்சு வாங்கச் சிரிக்கிறார். 200 ஏணியை வைத்துக்கொண்டு எங்கே ஏறப் போகிறாய், வேலை முடிந்ததும் சொர்க்கத்துக்கா என்று கேட்டிருக்கிறார். அப்புறம் ஒருத்தர் விளக்கினார். ஸ்டிரப் என்றால் ஆங்கிலத்தில் குதிரைச் சேணத்தில் தொங்கும் அங்கவடி. ருமேனியத்தில் அங்கவடிக்கும் ஸ்கார, ஏணிக்கும் ஸ்கார, மாடிப்படிக்கும் ஸ்கார, பிளானில் போடுகிற அளவுகோலுக்கும் ஸ்கார. தூணுக்குக் கட்டுகிற ரிங்குக்கு மட்டும் பெயர் வேறு, ‘எத்ரியேர்’. தாளைத் தயார் செய்தவர் கட்டடத்தைப் பார்த்திருக்க மாட்டார், குதிரையைப் பார்த்திருப்பார் போல.

இதெல்லாம் சிரிப்போடு போனவை. சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது.

ராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருவன் எங்கள் கேம்ப்பில் இருந்தான். 22 வயது. நல்ல பையன், ராத்திரி எல்லோரும் போனில் இருக்கும்போது அவன் மட்டும் தாளை வைத்துக்கொண்டு சொல் படிப்பான். ஒரு ராத்திரி படித்தது: கதவு ஊஷ, சுவர் பெரெத்தே, கூரை அகொப்பெரீஷ், ஜன்னல் ஃபெரியாஸ்த்ர. மறுநாள் காலையில் அவனும் நானும் தரைத்தளத்தில் தூணுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறோம். மேலே சென்ட்ரிங் பிரிக்கிறார்கள். பிரித்துக்கொண்டிருந்த ஆசாரி திடீரென்று “ஃபெரெஷ்தே!” என்று கத்தினார். விலகு என்று அர்த்தம். அந்தச் சொல் எங்கள் தாளில் இல்லை. தம்பி காதில் அது ஃபெரியாஸ்த்ர என்று விழுந்திருக்கிறது. முந்தின ராத்திரிதானே படித்தான்! ஜன்னலைப் பார்க்கச் சொல்கிறார் என்று நினைத்து, ஜன்னலுக்கு விட்டிருந்த திறப்பை அண்ணாந்து பார்த்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுப்பதற்கும் ஒரு ரீப்பர் கட்டை விழுவதற்கும் சரியாக இருந்தது. தோள்பட்டையைச் சிராய்த்துக்கொண்டு போனது. தலையில் ஹெல்மெட் இருந்தது. அண்ணாந்து பார்க்கிறவன் முகத்துக்கு ஹெல்மெட் ஏது?

அன்று ராத்திரிதான் ஒரு 40 பக்க நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். இடப்பக்கம் நம் சைட்டில் பேசுகிற தமிழ், வலப்பக்கம் அவர்கள் பேசுவதை என் காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில். முதல் பக்கத்தில் ஒரு பொருளின் பெயர்கூடக் கிடையாது. விலகு – ஃபெரெஷ்தே. நில் – ஸ்தாய். மேலே – சுஸ். கீழே – ஜோஸ். மெதுவாக – இன்செத். முடிந்தது, போதும் – கதா. கடைசிச் சொல்லை நாள் முழுக்கச் சொல்வார்கள். வேலை முடிந்தாலும் கதா, சோறு தயாரானாலும் கதா, சண்டை ஓய்ந்தாலும் கதா.

நோட்டு எழுத எழுத ஒன்று புரிந்தது, அந்த மொழி நாம் நினைக்கிற அளவு தூரமில்லை. நாம் மேசை என்கிறோம், அவர்கள் மாஸ. நாம் சாவி, அவர்கள் கெய்யே. நம்முடையவை போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்தவை. போர்ச்சுக்கீசியமும் ருமேனியமும் லத்தீன் வயிற்றில் பிறந்தவை. என் பட்டமான மேஸ்திரியும் அப்படி வந்ததுதான். அங்கே சைட் மேஸ்திரிக்கு ‘மாய்ஸ்த்ரு’ என்று பெயர். ஆனால் கொத்துக் கரண்டிக்கு ‘மிஸ்திரியே’ என்கிறார்கள், அது கிரேக்கத்திலிருந்து வந்த வேறு சொல்லாம். கொத்தனார் ஒருவர் “மிஸ்திரியா!” என்று கரண்டியைக் கேட்டுக் கத்தும்போதெல்லாம் நான் வேலையை விட்டுவிட்டு ஓடுவேன். மூன்று வாரம் ஓடினேன். விஷயம் தெரிந்ததும் அந்தக் கிழவர் எனக்கு அதையே பெயராக வைத்துவிட்டார். இரண்டு வருஷமும் அந்த ஷன்தியேரில் என் பெயர் கரண்டிதான். கான்கிரீட் பம்ப் ஓட்டிய துருக்கிக்காரர் ஒருவர், மக்கரா, சாரத்துக்குச் சொல்லும் ஸ்கெல, அறையின் உட்கூரைக்குச் சொல்லும் தவான் எல்லாமே எங்கள் சரக்கு என்று பெருமையடித்துக்கொள்வார். அவர் சொன்னதும் உண்மைதானாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ‘தி’ என்று சொல்லுக்கு முன்னால் போடுகிறார்கள் இல்லையா, ருமேனியத்தில் அது சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். கான்கிரீட்டுக்குப் பெத்தோன் என்று படித்துவிட்டுப் போனால் சைட்டில் ‘பெத்தோனுல்’ என்பார்கள். வீடு என்பது வீட்டை, வீட்டில் என்று வால் மாறுவதைப் பிறந்ததிலிருந்து பேசுகிற நமக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஆனால் பட்டியல் வால் இல்லாத சொல்லை மட்டும் தருவதால், தெரிந்த சொல்லே தெரியாத சொல்லாகக் காதில் விழுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து ஆள் எடுக்க 2021-ல் 50,000 பேருக்கு வைத்திருந்த அளவை, 2022-ல் 1,00,000 ஆக்கியது ருமேனியா. அவர்களுடைய கொத்தனாரும் ஆசாரியும் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டார்கள். அந்த இடத்துக்கு நாம் போகிறோம். போகட்டும், கூலி பரவாயில்லை. ஆனால் போகிற பிள்ளை கையில் கொடுக்கிற தாளை, சாரத்தில் ஏறி இறங்கிய ஒருத்தரிடம் காட்டிவிட்டுக் கொடுக்கக் கூடாதா? வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப அரசே ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது. திரும்பி வந்தவர்களை நான்கு பேர் கூப்பிட்டு உட்கார வைத்தால், ஒரு வாரத்தில் தமிழ்–ருமேனியக் கையேடு தயார். தாங்களும் அடுத்த ஞாயிறு பட்டியல் போடுவதாக இருந்தால், என் நோட்டின் ஜெராக்ஸை இத்துடன் இணைத்திருக்கிறேன். கையெழுத்து மோசம்தான், 7-ஆம் பக்கத்தில் சாம்பார் கொட்டியிருக்கிறது. படிக்க முடியாத சொல் இருந்தால் விட்டுவிடுங்கள், ஊகித்துப் போட வேண்டாம்.

அடுத்த மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் கிளம்புகிறான். நேற்று வந்து காலில் விழுந்தான். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். அதே ஏஜெண்ட், அதே 4 தாள். இரண்டாம் பக்கத்தில் கிரேனுக்கு நேராக அதே கொகோர் இருந்தது. பேனாவை எடுத்து அடித்துத் திருத்திக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
கம்பி மேஸ்திரி ஒருவர்,
பட்டுக்கோட்டை வட்டம்.

(ஏஜெண்ட்டும் எங்கள் ஊர்க்காரர்தான். தினமும் டீக்கடையில் முகத்தில் முழிக்க வேண்டியிருக்கிறது. தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம்.)