படத்தின் கீழே ஒரு பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாஜிகளின் யூத இனப்படுகொலையில் மாண்டவர்களை உலகம் நினைவுகூரும் ஜனவரி 27ஆம் நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். கொல்லப்பட்ட சுமார் 60 லட்சம் யூதர்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் குழந்தைகள் என்ற கணக்கு அதில் இருந்தது. அந்தக் குழந்தைகளில் சிலர் வரைந்துவைத்த படங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது, நெடுங்காலம் ஓவிய ஆசிரியராக இருந்த எனக்குக் குறையாகவே பட்டது.

செக் நாட்டின் டெரெசின் கோட்டை நகரத்தை யூதர்களை அடைத்துவைக்கும் இடமாக நாஜிகள் மாற்றியிருந்தனர். 1942 டிசம்பரில் அங்கே கொண்டுசெல்லப்பட்ட ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர், அங்கிருந்த சிறுவர் சிறுமியருக்கு ஓவிய வகுப்பு நடத்தினார். தாளுக்கே பஞ்சமான அந்த இடத்தில், அலுவலகப் படிவங்களின் மறுபக்கத்தில்கூடப் பிள்ளைகள் வரைந்தார்கள். விட்டுவந்த வீடு, பூக்கள், பட்டாம்பூச்சி, அடுக்குக் கட்டில் என எதை வரைந்தாலும் தம் பெயரை அதில் எழுத வேண்டும் என்பதில் அந்த ஆசிரியை கண்டிப்பாக இருந்தார். 1944 அக்டோபரில் அவர் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் கொல்லப்பட்டார். இரண்டு பெட்டிகளில் அவர் விட்டுச்சென்ற சுமார் 4,500 படங்கள் இன்று பிராக் நகர யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை. ஆனால் பெயர் இருப்பதால்தான், அதை நாடுகடத்தல் பட்டியல்களோடு ஒப்பிட்டு, இந்தப் பூவை வரைந்த பிள்ளைக்கு என்ன வயது, எந்த நாளில் ரயிலேற்றப்பட்டது என்று இன்று சொல்ல முடிகிறது.

அதே டெரெசினில் 12 வயதில் அடைக்கப்பட்ட ஹெல்கா வைஸோவா உயிர்பிழைத்தவர். பனிப்பொம்மை செய்யும் பிள்ளைகளை வரைந்து, வேறு கட்டடத்தில் இருந்த தந்தைக்கு ரகசியமாக அனுப்பினாராம். "நீ பார்ப்பதை வரை" என்று தந்தையிடமிருந்து பதில் வந்தது. அதன்பின் அவர் வரைந்தது உணவுக்கு நிற்கும் வரிசையையும் மூட்டைகளோடு வந்திறங்கும் மனிதர்களையும்தான். ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்படும் முன் அவர் ஒப்படைத்த படங்களை அவருடைய உறவினர் சுவருக்குள் மறைத்துவைத்துக் காப்பாற்றினார். பிற்காலத்தில் ஹெல்கா வாய்விட்டுச் சொன்ன சாட்சியத்துக்கு அந்தப் படங்களே துணை நின்றன.

அந்தத் தந்தையின் வாசகத்தைப் படித்தபோது எனக்குத் தலைகுனிவாக இருந்தது. 1990இல் இலங்கையிலிருந்து படகேறி வந்து மண்டபம் முகாமில் தங்கிய குடும்பத்துச் சிறுமி ஒருத்தி என் வகுப்பில் கடல் வரைந்தாள். தாள் முழுக்கக் கறுப்பு. நடுவில் நகத்தளவு ஒரு படகு. "கடல் நீலமாக அல்லவா இருக்கும்?" என்று நானே வண்ணக்குச்சியை எடுத்து மேலே பூசிக் கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரவில் கடந்த கடல் அது என்பது எனக்கு உறைக்கவே பல ஆண்டுகள் ஆயின. அந்தத் தாள் ஆண்டு இறுதியில் மற்றத் தாள்களோடு பழைய பேப்பர்காரரிடம் போயிற்று. அவள் பெயர் எனக்கு நினைவில்லை. (இந்தத் துயரத்தையும் யூதர்களுக்கு நேர்ந்ததையும் ஒரே தராசில் வைப்பதாக யாரும் எண்ண வேண்டாம், நான் பேசுவது ஓர் ஆசிரியனின் கவனக்குறைவைப் பற்றி மட்டுமே.)

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஜனவரி 27 அன்று, அருங்காட்சியகத்தின் அனுமதி பெற்று, டெரெசின் படங்களில் ஒன்றையாவது தங்கள் சிறுவர் பக்கத்தில் வெளியிட வேண்டும். இடம் போதாதென்றால் கட்டுரையைச் சுருக்கிக்கொள்ளலாம். வரைந்த பிள்ளையின் பெயரும் வயதும் படத்தின் கீழ் கட்டாயம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.