நாங்கள் கிளம்பி வந்துவிட்டோம், அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டு வலி குறைந்து கோவில் வரைக்கும் நடந்தே போய் வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய், படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. சபை விருந்தான அசனப் பண்டிகை வேலையெல்லாம் நல்லபடியாக முடிந்ததா?

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் நீ கேட்டிருந்த அந்த ஒரு பக்கம்தான். மிஷனெரி ஞாயிறன்று சபையில் வாசிக்க எங்களைப் பற்றி எழுதித் தரவேண்டும், கூடவே ஒரு குடும்பப் போட்டோ, ஆபத்தான இடத்தில் பிள்ளைகளோடு எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று விவரமாக எழுதச் சொன்னார் சபைப் போதகர் ஐயர் என்றும் சொல்லியிருந்தாய். எழுத உட்கார்ந்தால் வரவே மாட்டேன் என்கிறது. ஏன் என்று உன்னிடம் சொல்கிறேன், ஐயரிடம் நீ எடுத்துச் சொல்லு.

முதல் விஷயம், நாங்கள் இப்போது ஆபத்தான இடத்தில் இல்லை. நாங்கள் இருக்கும் யவுண்டே, கேமரூன் நாட்டின் தலைநகரம். கரண்ட் போகும், தண்ணீர் போகும், வீதியில் நெரிசல், அவ்வளவுதான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், இவர் காலையில் ஆபீஸ் போகிறார். சண்டை நடப்பது வடமேற்கிலும் தென்மேற்கிலும், நாங்கள் முன்பு இருந்த பமெண்டா பக்கத்தில். அங்கிருந்து நாங்கள் 2018-லேயே கிளம்பி வந்துவிட்டோம். கிளம்ப முடிந்தவர்கள் நாங்கள். இதைச் சொல்லாமல் "ஆபத்தின் நடுவே ஊழியம்" என்று தலைப்புப் போட்டு எங்கள் நாலு பேர் படத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் அது சரியாக இருக்காது.

என்ன சண்டை என்று உன் வீட்டுக்காரர் கேட்டாராமே. சுருக்கமாகச் சொல்கிறேன். 1884-இல் ஜெர்மன்காரர்கள் பிடித்த நாடு இது. முதல் உலகப் போரில் அவர்கள் தோற்றதும் பிரான்சும் பிரிட்டனும் பங்கு போட்டுக்கொண்டன, பெரிய பங்கு பிரான்சுக்கு. 1961-இல் வாக்கெடுப்பு வைத்து, பிரிட்டனிடம் இருந்த தெற்குப் பகுதி, அதாவது ஆங்கிலம் பேசும் இன்றைய வடமேற்கும் தென்மேற்கும், பிரெஞ்சு பேசும் கேமரூனோடு சேர்ந்தது. கூட்டாட்சி என்றுதான் சேர்ந்தார்கள், 1972-இல் அதை எடுத்துவிட்டார்கள். எங்கள் கோர்ட்டுக்கு ஆங்கிலச் சட்டம் தெரியாத நீதிபதிகளை அனுப்புகிறீர்கள், எங்கள் வகுப்புக்கு பிரெஞ்சு வாத்தியார்களை அனுப்புகிறீர்கள் என்று 2016 கடைசியில் அந்த ஆங்கிலப் பகுதி வக்கீல்களும் ஆசிரியர்களும் தெருவுக்கு வந்தார்கள். அரசாங்கம் அடித்து அடக்கியது. 2017 ஜனவரியிலிருந்து 93 நாள் அந்த இரண்டு மாகாணத்துக்கும் இன்டர்நெட்டையே நிறுத்தியது. அக்டோபரில் பிரிவினை கேட்டவர்கள் அம்பசோனியா என்று தனி நாடு அறிவித்தார்கள். அதன் பிறகு துப்பாக்கிதான். ராணுவம் ஒரு பக்கம், காட்டுக்குள் இருக்கும் பையன்கள் ஒரு பக்கம். 6000 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள், வீடு விட்டு ஓடியவர்கள் லட்சக்கணக்கில். உலகச் செய்தியில் இது வருவதே இல்லை, அந்த ஆதங்கம் எனக்கு நிறைய உண்டு.

பமெண்டா மேட்டு நிலம் எப்படிப்பட்ட இடம் தெரியுமா? பச்சை மலை, குளிர், சிவப்பு மண். மக்காச்சோள மாவுக் களி கிண்டி ஞாமா ஞாமா என்ற கீரையோடு சாப்பிடுவார்கள். நம் மணத்தக்காளியின் இனம் அது, முதல் நாள் வாயில் வைத்ததும் எனக்கு ஊர் வந்துவிட்டது. மலைக்கு ஒரு மொழி. கோம், ஓகு, பாஃபுட், அகெம், லிம்பும் என்று சொல்லிக்கொண்டே போகலாம். நாடு முழுக்க 280 மொழி போல இருக்கிறது. பல மொழிகளுக்கு எழுத்தே சமீபத்தில்தான் வந்தது. 1979-இல் கேமரூன் மொழியியலாளர்கள் கூடி எல்லா மொழிக்கும் பொதுவாக ஓர் எழுத்து முறை வகுத்தார்கள், குரல் ஏறுவதும் இறங்குவதும் அர்த்தத்தையே மாற்றிவிடும் என்பதால் அதற்கான குறிகளோடு.

இதில் இவர் செய்யும் வேலை என்ன என்று ஊரில் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. இவர் உட்கார்ந்து பைபிளை மொழிபெயர்ப்பதாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மொழிபெயர்ப்பது அந்த ஊர்க்காரர்கள். பள்ளி ஆசிரியராக இருந்தவர், சபை போதகர், காப்பித் தோட்டம் வைத்திருந்தவர், இப்படி மூன்று நாலு பேர் சேர்ந்த குழு. அவர்கள் ஓர் அதிகாரத்தை எழுதி, தங்களுக்குள் திருத்தி, அப்புறம் ஊருக்குள் எடுத்துப் போவார்கள். மரத்தடியிலோ யார் வீட்டு முற்றத்திலோ ஏழெட்டுப் பேரை உட்காரவைத்து வாசித்துக் காட்டி, "கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்" என்பார்கள். ஒரு பாட்டி மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டே கேட்பாள், கேட்காத மாதிரி இருக்கும், கடைசியில் "எங்கள் ஊரில் எவனும் அப்படிப் பேசமாட்டான்" என்று ஒரு போடு போடுவாள், அந்த வசனம் முழுக்க மறுபடி எழுதப்படும். அதையெல்லாம் முடித்தபின் அந்த மொழியே தெரியாத ஒருவருக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் திருப்பி எழுதித் தருவார்கள். அங்கேதான் மொழிபெயர்ப்பு ஆலோசகராக இவர் வருகிறார். மூலத்தோடு ஒத்துப்பார்த்து, விட்டுப்போனது எது, கூடிப்போனது எது என்று கேள்வி கேட்பது இவர் வேலை. தேவையான வேலைதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இவர் இல்லாவிட்டால் இன்னொரு ஆலோசகர் வருவார். அந்தப் பாட்டியின் மொழி அந்த மலையில் மட்டும்தான் இருக்கிறது.

சண்டை வந்ததும் முதலில் உடைந்தது இந்த உட்கார்ந்து கேட்கும் காரியம்தான். திங்கட்கிழமை ஊர் முழுக்கக் கதவடைப்பு, கோஸ்ட் டவுன் என்பார்கள், மீறிக் கடை திறந்தால் எரித்துவிடுவார்கள். நாலு பேர் கூடினால் ராணுவம் என்ன கூட்டம் என்று கேட்கும். எங்களுக்கு மிக நெருக்கமான ஒரு மொழிபெயர்ப்பாளர், பெயரும் மொழியும் வேண்டாம், அவருடைய ஊரை ஒரு நாள் எரித்துவிட்டார்கள். மனைவி பிள்ளைகளோடு காட்டுத் தோட்டத்தில் கொஞ்ச நாள் படுத்துக் கிடந்துவிட்டு நடந்தே பமெண்டா வந்து சேர்ந்தார். லேப்டாப்பை பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கூடைக்கு அடியில் வைத்து மேலே சேப்பங்கிழங்கை அடுக்கியிருந்தாள் அவர் மனைவி. மொழிபெயர்த்த மாற்கு, லூக்கா சுவிசேஷங்கள் இருந்த பென் டிரைவ் அவள் கட்டியிருந்த துணியின் ஓரத் தையலுக்குள். செக்போஸ்ட்டில் பிடித்தால், இது என்ன எழுத்து, யாருக்குத் தகவல் அனுப்புகிறாய் என்று ராணுவம் கேட்கும். காட்டில் பிடித்தால், உனக்கு யார் சம்பளம் கொடுக்கிறான் என்று பையன்கள் கேட்பார்கள். இரண்டுக்கும் ஒருவன் எத்தனை தடவை பதில் சொல்ல முடியும்?

2018 அக்டோபர் 30-ஆம் தேதி பம்பூயி பக்கத்தில் காரில் போய்க்கொண்டிருந்த ஓர் அமெரிக்க மிஷனெரி குண்டு பாய்ந்து இறந்தார். எட்டுப் பிள்ளைகளின் தகப்பன், குடும்பத்தோடு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அந்தச் செய்தி உலகம் முழுக்கப் போனது. அதன் பிறகுதான் நாங்களும் கிளம்புவது என்று முடிவாயிற்று. பெட்டி கட்டும்போது பெரியவள் கேட்டாள், "நாம மட்டும் ஏன் போறோம்? அவளும் வரலாமே?" அவள் என்றால் அந்த மொழிபெயர்ப்பாளரின் மகள், எங்கள் முற்றத்திலேயே விளையாடி வளர்ந்தவள். நான் பாஸ்போர்ட் என்றேன், ஆபீஸ் உத்தரவு என்றேன், எதுவும் அவளுக்குப் பதிலாகப் படவில்லை, எனக்கும் படவில்லை.

அந்தப் பெண்ணுக்கு அதற்கு முந்தின வருஷமே பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. பள்ளிகளைத் திறக்கக்கூடாது என்று பிரிவினைக்காரர்கள் உத்தரவு போட்டிருந்தார்கள். அப்புறம் சில இடங்களில் திறந்தபோதும் யூனிஃபார்ம் போட முடியாது, வழியில் பார்த்தால் அடி. சந்தைக்குப் போகிற மாதிரி சாதாரண உடையில், நோட்டுப் புத்தகத்தைத் துணிப் பையில் கீரைக்கு அடியில் வைத்துக் கொண்டு போவார்கள் பிள்ளைகள். 2020 அக்டோபரில் கும்பா ஊரில் வகுப்பறைக்குள்ளேயே புகுந்து சுட்டார்கள், பிள்ளைகள் செத்தார்கள். கடைசியில் அவளை பிரெஞ்சு பேசும் பாஃபூசாம் ஊரில் ஒரு சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே பிரெஞ்சில் ஆரம்பத்திலிருந்து படிக்கிறாள், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு. என் பிள்ளைகள் ஒரு பருவம்கூடப் படிப்பை விடவில்லை. சின்னவனுக்கு மட்டும் இன்னும் திங்கட்கிழமை என்றால் ஒரு தயக்கம், கடை திறந்திருக்குமா, வெளியே போகலாமா என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பு மாட்டுவான். மிஷனெரி குடும்பத்தின் தியாகம் என்று ஐயர் கேட்டால், என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

2019 ஆகஸ்டில் வூம் ஊரில் ராத்திரி புகுந்து வெட்டினார்கள். அகெம் மொழியில் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் பணியை நடத்திவந்தவர் அதில் செத்தார், அவர் மனைவிக்குக் கை போயிற்று. புதிய ஏற்பாட்டை அச்சடித்துக் கொடுத்தால் போதாது, வாசிக்கத் தெரிய வேண்டுமே, அதற்கு ஊர் ஊராக நடந்தவர் அவர். கிறிஸ்தவப் பத்திரிகைகள் எழுதின, சில நாள் பேசினார்கள், முடிந்தது. எங்கள் ஆட்களில் பலர் அவரை நேரில் தெரிந்தவர்கள், அந்த வாரம் ஆபீசில் யாரும் வேலை செய்யவில்லை.

நம் பைபிளின் கதையும் இப்படித்தான். ஜெர்மன் மிஷனெரி பப்ரீசியஸ் ஐயர் வேப்பேரியில் உட்கார்ந்து தமிழ் வேதாகமத்தைத் திருத்திய காலத்தில் மதராஸே யுத்தக்களம். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1758-இல் மறுபடி வந்து வேப்பேரியைச் சூறையாடினார்கள், அவர் பழவேற்காட்டுக்கு ஓடினார். 1761-இல் பாண்டிச்சேரி விழுந்தபோது அங்கிருந்து ஆங்கிலேயர் எடுத்து வந்த அச்சு இயந்திரம்தான் வேப்பேரிக்கு வந்தது, 1772-இல் அவருடைய புதிய ஏற்பாடு அதிலே அச்சானது. அவர் பெயர் நமக்குத் தெரியும். அவரோடு உட்கார்ந்து, இது தமிழே இல்லை என்று சொல்லித் திருத்திய தமிழர்கள் பெயர் நம் சபையில் எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கேயும் அதே கதைதான். டுவாலா மொழி பைபிள் என்றால் ஆல்ஃபிரட் சேக்கர் என்பார்கள், 1872-இல் முழு பைபிளையும் முடித்தவர், பிள்ளைகளை இந்த மண்ணில் பறிகொடுத்தவர், மறுக்கவில்லை. அவருக்கு முன்பே பிம்பியாவில் இசுபு மொழிக்கு வேதத்தைக் கொண்டுபோனவர் ஜோசப் மெரிக், ஜமைக்காவிலிருந்து வந்த கறுப்பின ஊழியர், 1849-இல் நோயோடு கப்பலில் போகும்போதே இறந்துபோனார். அவரைத் தெரிந்தவர்கள் குறைவு.

உன் வீட்டுக்காரர் கேட்ட இன்னொன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இத்தனை சாவுக்கு நடுவே மொழிபெயர்ப்பு எதற்கு, அரிசியும் மருந்தும்தானே முதலில் என்கிறார். நியாயமான கேள்வி. அரிசியும் மருந்தும் போகத்தான் செய்கிறது, பல இடங்களில் அதைச் சுமந்து போவதும் இதே குழுக்கள்தான், ஏனென்றால் அந்த ஜனங்களை வீடு வீடாகத் தெரிந்தவர்கள் அவர்கள். நான் சொன்ன அந்தக் குழு வேலை வரிசையையே மாற்றிக்கொண்டது. அப்போஸ்தலர்களின் கடிதங்களான நிருபங்கள் அப்புறம் ஆகட்டும், முதலில் சங்கீதம் என்றார்கள். 13-ஆம் சங்கீதத்தை எடுத்து, எதுவரைக்கும் என்று ஆண்டவரிடமே சண்டைக்குப் போகும் அந்த வரிகளைத் தங்கள் ஊர் ஒப்பாரி ராகத்தில் பாடிப் போனில் பதிவு செய்து, டுவாலாவிலும் பாஃபூசாமிலும் யவுண்டேயிலும் சிதறிக் கிடக்கும் ஊர்க்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். முற்றத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் இப்போது வாடகை அறையிலிருந்து குரல் பதிவில் திருத்தம் சொல்கிறார்கள். இந்த வேலையை நிறுத்தலாமா என்று நாங்கள் கேட்டோம். வீடும் நிலமும் போச்சு, பேச்சையாவது விடமாட்டோம் என்றார் ஊர் எரிந்து வந்த அந்த மொழிபெயர்ப்பாளர். அவர்கள் விடாதபோது நாம் எப்படி விடுவது?

அதனால் ஐயரிடம் சொல்லு. எங்கள் போட்டோ வேண்டாம். அவர்கள் போட்டோவும் அனுப்ப முடியாது, அது யார் கண்ணில் பட்டு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. மொழிகளின் பெயரை மட்டும் வாசித்து ஜெபித்தால் போதும், தனியாக ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பிடி அரிசிக் காணிக்கையில் எங்களுக்கென்று ஒதுக்குவதை மொழிபெயர்ப்பாளர்களின் வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் மாற்ற கமிட்டியில் சம்மதிப்பார்களா என்று கேள். எங்கள் ஆதரவுக்கு வேறு சபைகள் இருக்கின்றன, அவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. இவரும் இதையேதான் சொல்கிறார், வேண்டுமானால் தனியாகக் கடிதம் எழுதித் தருவார்.

ஊருக்கு எப்போது என்று கேட்டிருந்தாய். பெரியவளுக்குப் பரீட்சை முடிந்ததும் அடுத்த மே மாதம் வரலாம் என்று இருக்கிறோம், டிக்கெட் விலை பார்த்துத்தான். வந்தால் சபையில் இவர் பேச வேண்டாம், நானே பேசுகிறேன், பெண்கள் கூட்டத்தில் அரைமணி நேரம் வாங்கி வை. உன் மகன் நர்சிங் சேர்ந்துவிட்டானா, எந்த ஊர் என்று எழுதவே இல்லையே. அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழி