கோவலனையும் பலகையில் எழுதுங்கள்

திரைப்பட வரலாற்றுக் கண்காட்சிக் குழுவினருக்கு,

வணக்கம். நடிகை டி. பி. ராஜலட்சுமியின் படத்துக்குக் கீழே நீங்கள் வைத்திருக்கும் பலகையைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ‘1931-ல் காளிதாஸ் மூலம் திரைக்கு வந்தார்’ என்கிறது அது. 1929-லேயே கோவலன் மௌனப்படத்தில் நடித்துவிட்டார் அவர். அவர் நடித்த உஷாசுந்தரியும் மௌனப்படம்தான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. நீங்கள் விற்கும் கையேட்டிலேயே இருக்கிறது. பலகையில் மட்டும் ஏன் இல்லை? தயவுசெய்து திருத்துங்கள்.

முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸின் நாயகி என்ற பெருமை அவருக்குப் போதாதா என்று அங்கிருந்த ஒருவர் கேட்டார். போதாது. திருவையாற்றில் பிறந்து, சிறுமியாகவே நாடகக் கம்பெனிக்குப் போனவர் அவர். மேடையில் பாட்டும் வசனமும்தான் ஒரு நடிகையின் சொத்து. மௌனப்படக் கேமரா முன்னால் அந்த இரண்டுமே செல்லாது. கொட்டகையில் படம் ஓடும்போது இடையிடையே வரும் எழுத்தை யாரோ ஒருவர் உரக்கப் படித்துச் சொல்வார். அழுகையோ கோபமோ, முகத்திலும் கையிலும்தான் காட்டியாக வேண்டும். நடிக்க வரும் பெண்ணை ஊர் மதிக்காத காலம் வேறு. இவ்வளவையும் தாங்கி அவர் கற்றுக்கொண்ட தொழிலை ஒரே வரியில் இல்லாமல் ஆக்கிவிட்டீர்கள். அவ்வளவு ஏன், 1936-ல் மிஸ் கமலாவைத் தானே எழுதி, தயாரித்து, இயக்கி, நடிக்கவும் செய்தாரே, அந்தத் துணிச்சல் 1931-ல் திடீரென்று முளைத்ததா?

படமே கைவசம் இல்லாதபோது எதைக் காட்டுவது என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். தென்னிந்திய மௌனப்படங்களில் இன்று பார்க்கக் கிடைப்பது மார்த்தாண்ட வர்மா ஒன்றுதான். எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் படச்சுருள்கள் எரிந்தன, மட்கின, அவற்றில் இருந்த வெள்ளிக்காக உருக்கப்பட்டன. அன்றைக்கு யாரும் அதைச் சொத்தாக நினைக்கவில்லை. ஆனால் காளிதாஸ் மட்டும் இருக்கிறதா? அதுவும் போய்விட்டது. அதற்கு ஒரு சுவர் முழுக்க இடம் கொடுத்த உங்களுக்கு, கோவலனுக்கு ஒரு வரி கொடுக்க மனம் வரவில்லை. சுருளைத் தொலைத்தவர்கள் நமக்கு முந்தைய தலைமுறை. பெயரையும் நாம் தொலைக்க வேண்டுமா? நடிகர்களின் பிறந்தநாளுக்கு ஊரெங்கும் பேனர் கட்டுகிறோம். அவர்களுக்கு வழி போட்டவர் எந்த ஆண்டு நடிக்க வந்தார் என்பதைச் சரியாக எழுத முடியவில்லையே.

கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யும் வேலையின் மேல் மதிப்பு இருப்பதால்தான் கேட்கிறேன். 1929, கோவலன் என்பதைச் சேருங்கள். உஷாசுந்தரியையும் எழுதுங்கள். இந்தப் படங்கள் இப்போது கிடைப்பதில்லை என்பதையும் மறைக்காமல் போடுங்கள். கண்காட்சி அடுத்த ஊருக்குப் போவதற்குள் பலகையை மாற்றிவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய படங்களைத் தேடிப் பார்க்கும் ஒரு ரசிகை