சுயமா முன்னேறின பில்டர் கதை போடுற எடிட்டர்மார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள எடிட்டர்மார்களுக்கு,

வணக்கம். குடியேறின குடும்பத்துல பொறந்து நியூயார்க்ல கட்டடமா கட்டித் தள்ளினவர்னு ஃப்ரெட் ட்ரம்ப் பத்தி நீங்க போட்ட வெற்றிக்கதையைப் படிச்சேன். அவர் அமெரிக்க அதிபர் ஆன டொனால்ட் ட்ரம்ப்போட அப்பா, என்னென்ன கட்டினார்னு உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்ல. சைட்ல சிந்திக் கிடக்கிற ஆணியைப் பொறுக்கி திரும்ப ஆசாரிங்ககிட்டயே கொடுப்பாராம், அதுக்கே ஒரு முழு பத்தி ஒதுக்கியிருந்தீங்க. இருக்கட்டும், அந்த ஆணிக் கதையை நானும் படிச்சிருக்கேன். ஆனா ஒரு டிராயர் கதையும் இருக்கு, அது உங்க கட்டுரையில எங்கயும் இல்ல. தயவுசெஞ்சு அந்த டிராயரையும் சேருங்க, நான் கேக்கறது அவ்ளோதான்.

1963-ல நடந்தது. நியூயார்க்ல குயின்ஸ் பகுதியில ஜமைக்கா எஸ்டேட்ஸ் பக்கம் அவரோட அபார்ட்மென்ட் ஒண்ணு, வேலை இன்னும் முடியல, அப்பவே வாடகைக்கு ஆள் எடுக்கறாங்க. அதே நகரத்துல ஹார்லெம்ங்கற பகுதியில பெண்கள் விடுதியில தங்கியிருந்த ஒரு கறுப்பின நர்ஸ், வயசு 33, ஒரு பெட்ரூம் வீடு கேட்டு அப்ளிகேஷன் எழுதிக் கொடுக்கறாங்க. நல்ல வேலை, ஒழுங்கா நிரப்பின ஃபார்ம், ஒரு குறையும் சொல்ல முடியாது. இதை என்ன பண்றதுன்னு வாடகை ஏஜென்ட் ஃப்ரெட் ட்ரம்ப்கிட்ட கேட்டப்ப, வாங்கி டிராயர்ல போடு, அங்கயே கிடக்கட்டும்னாராம். இதை அந்த ஏஜென்ட்டே அம்பது வருஷத்துக்கும் மேல கழிச்சு பத்திரிகைக்காரங்ககிட்ட சொன்னார்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க சார். உனக்கு வீடு கிடையாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா அந்தம்மா திட்டிட்டாவது அடுத்த தெருவைப் பாத்துப் போயிருப்பாங்க. டிராயர்ல போட்டா அது மறுப்பும் இல்ல சம்மதமும் இல்ல, கையில ஒரு காகிதம் கிடையாது, யார்கிட்டயாவது புகார் பண்ணலாம்னா எதைக் காட்டறது, நாளைக்குக் கூப்பிடுவாங்களோன்னு காத்துக்கிட்டு கிடக்க வேண்டியதுதான். வீடு தேடி அலைஞ்சவங்களுக்குத்தான் அந்தக் காத்திருப்போட அவமானம் தெரியும். உங்க கட்டுரையில எத்தனை மாடி, எத்தனை வீடுன்னு எல்லாம் இருக்கு, அந்தக் கதவுக்கு வெளியில நின்னவங்க ஒருத்தர்கூட இல்ல.

இது ஏதோ ஒரு நாள் நடந்த தப்புன்னும் தள்ள முடியாது. 1973 அக்டோபர்ல அமெரிக்க நீதித்துறை அப்பா ஃப்ரெட், மகன் டொனால்ட், அவங்க கம்பெனி மூணு பேர் மேலயும் வீட்டு வசதியில இனப் பாகுபாடுன்னு வழக்கு போட்டுச்சு. கறுப்பினத்தவங்க அப்ளிகேஷன்ல 'சி'ன்னு, அதாவது அவங்களை அப்ப சொன்ன 'கலர்டு'ங்கற வார்த்தையோட முதல் எழுத்தை, குறியீடா போடச் சொன்னாங்கன்னு வேலை பார்த்தவங்களே விசாரணையில சொன்னாங்க. இவங்க பதிலுக்கு அரசாங்கத்து மேலயே 10 கோடி டாலர் கேட்டு எதிர் வழக்கு போட்டாங்க, கோர்ட் அதைத் தள்ளிடுச்சு. 1975-ல சமரசம், தப்பை ஒத்துக்கலங்கறதையும் நான் மறைக்கல, நீங்களும் அதையும் சேத்தே எழுதுங்க. 1978-ல அந்த ஒப்பந்தத்தையே மதிக்கலன்னு அரசாங்கம் திரும்பவும் கோர்ட்டுக்குப் போச்சு.

அப்புறம் அந்தக் குடியேறின குடும்பம்னு தலைப்புலயே பெருமையா போட்டீங்களே, அதுக்கு வரேன். ஃப்ரெட்டோட அப்பா ஃப்ரீட்ரிக் 1885-ல 16 வயசுல ஜெர்மனியில கால்ஷ்டாட் ஊர்லேர்ந்து வந்தவர். கொஞ்சம் காசு சேத்துக்கிட்டு ஊர் திரும்பினா, ராணுவ சேவைக்கு டிமிக்கி கொடுத்தவன்னு சொல்லி 1905-ல அந்த ஊரை அப்ப ஆண்ட பவேரியா அரசாங்கம் வெளியேத்திடுச்சு, இருக்க விடுங்கன்னு கெஞ்சி மனு எழுதியும் பிரயோஜனம் இல்ல. அதே வருஷம் நியூயார்க்ல பொறந்தவர்தான் ஃப்ரெட். இருக்க இடம் கொடுக்காம துரத்தின வலியைப் பாத்த குடும்பத்துக்காரர்தான் அந்த டிராயரை இழுத்து மூடச் சொன்னார். இதைவிட பெரிய கதை உங்களுக்கு என்ன வேணும்? இன்னொரு கூத்து, இரண்டாம் உலகப்போருக்கு அப்புறம் ரொம்ப வருஷம் அந்தக் குடும்பம் நாங்க ஸ்வீடன் வம்சம்னுதான் வெளிய சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அவங்களே மறைச்ச பூர்வீகத்துக்கு நீங்க மாலை போடறீங்க!

கையில காசில்லாம, சுயமாங்கற வார்த்தையெல்லாம் எத்தனை தடவை! ப்ரூக்ளின்ல அவர் கட்டின ஷோர் ஹேவன், பீச் ஹேவன் குடியிருப்பு ரெண்டும் அரசாங்கத்தோட கடன் உத்தரவாதத்துல எழுந்தது. அதுல செலவைக் கூட்டிக் காட்டி அதிகமா கடன் எடுத்தார்ங்கற விவகாரத்துக்காக 1954-ல செனட் கமிட்டி அவரைக் கூப்பிட்டு விசாரிச்சுது. நான் விதிப்படிதான் செஞ்சேன்னார், குற்ற வழக்கும் வரல, சரி. கோனி ஐலண்ட்ல அவர் கட்டின ட்ரம்ப் வில்லேஜ் குடியிருப்பும் மாநில அரசு உதவித் திட்டம்தான். மகன் நியூயார்க்ல கமோடோர் ஹோட்டலைப் புதுப்பிச்சப்ப நகர நிர்வாகம் 40 வருஷத்துக்கு வரிச்சலுகை கொடுத்துச்சு. 1990-ல மகனோட கேசினோ, அதாவது சூதாட்ட விடுதி, தள்ளாடினப்ப அப்பா ஆளை அனுப்பி 33.5 லட்சம் டாலருக்கு சிப்ஸ், அதாவது காசுக்குப் பதிலா ஆட்டத்துல வைக்கிற சில்லு, வாங்க வெச்சார், ஒரு ஆட்டம்கூட ஆடல. சுயமா முன்னேறறதுன்னா இதுதான்னா எங்களுக்கும் அப்படி ஒரு அப்பாவும் ஒரு அரசாங்கமும் எங்க கிடைக்கும்னு கீழ ஒரு வரி போட்டிருக்கலாம், காலையில அஞ்சு மணிக்கு எழுந்திரிங்கன்னு அட்வைஸ் போட்ட இடத்துல.

உங்க எல்லாக் கதையும் இப்படித்தான் இருக்கு. பில்டர் யாரா இருந்தாலும் ஏழைப் பையன், வியர்வை, டவர். நடுவுல பேங்க் இல்ல, வரி இல்ல, வாடகைக்காரங்க இல்ல. பசங்க இதைப் படிச்சுட்டு தன் உழைப்புலதான் ஏதோ குறைன்னு நெனைச்சு மனசு ஒடிஞ்சு போறாங்க, அது உங்களுக்குத் தெரியுதா இல்லையா?

கோபத்துல கொஞ்சம் நீட்டிட்டேன், மன்னிக்கணும். அந்த மனுஷன் ஆயிரக்கணக்கான நடுத்தரக் குடும்பங்களுக்கு வீடு கட்டினார்ங்கறதை நான் இல்லைன்னு சொல்லல, அதை எடுக்கவும் சொல்லல. கட்டுரை இன்னும் உங்க பக்கத்துல அப்படியே இருக்கு, திருத்தறது பெரிய வேலை இல்ல. ஆணி பத்தி முடிஞ்ச இடத்துலயே 1963-ஐயும் 1973-ஐயும் சேத்துடுங்க, திருத்தினோம்னு தேதி போட்டு ஒரு குறிப்பும் வைங்க. தொடரோட அடுத்த பகுதி இன்னொரு பில்டர் பத்திதான்னு அறிவிச்சிருக்கீங்க, அவர்கிட்ட வீடு கேட்டுக் கிடைக்காதவங்க ஒருத்தரையாவது தேடிப் பேசிட்டு எழுதுங்கன்னு பணிவோட கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகி