மாத்திரைக்கு எதற்கு மொபைல் எண்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் மருந்துக்கடையில் மனைவிக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கினேன். "நம்பர் சொல்லுங்க சார், இல்லாட்டி பில் வராது" என்றான் பையன். பின்னால் வரிசை, சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள், சர்க்கரை அளக்கும் மிஷின் வேண்டுமா என்று போன். மனைவி பெயரைச் சொல்லியே கேட்கிறார்கள்!

32 வருடம் தபால் கொடுத்தவன் நான். எந்த வீட்டுக்கு மணியார்டர், எந்த வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் என்று அத்தனையும் தெரியும். வீட்டில்கூட மூச்சு விட்டதில்லை.

மொபைல் எண் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியது. பையனுக்கு அது தெரியாது, பாவம். கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் நகராதாம். அந்த அறிவுரையைக் கல்லாவுக்கு மேலே தமிழில் ஒட்டச் சொல்லி அரசு உத்தரவிடட்டும்.

ஓய்வுபெற்ற தபால்காரர்,
திருமங்கலம்